நடந்தால் மட்டும் போதுமா? மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர் அவர்களுக்கும், பொது சுகாதாரத் துறை இயக்குநர் அவர்களுக்கும் வணக்கம்.

நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு பெண் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் மாத்திரையோடு ஒரு அறிவுரையும் வாங்கிக்கொண்டு வருவாள். "தினமும் அரை மணி நேரம் நடங்கம்மா." சர்க்கரைக்கும் அதுதான், ரத்தக் கொதிப்புக்கும் அதுதான், எடை கூடினாலும் அதுதான், முட்டி வலித்தாலும் அதுதான். நல்ல அறிவுரைதான், மறுக்கவில்லை. 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பயிற்சிப் பாதைகளைத் துறை தொடங்கியபோது நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் மாதவிடாய் நிற்கிற வயதில் பெண்ணின் உடம்பில் வேகமாகக் குறைகிற இரண்டு விஷயங்களை நடையால் தடுத்து நிறுத்த முடியாது. எலும்பின் அடர்த்தி ஒன்று, தசையின் வலு இன்னொன்று. இரண்டுக்கும் எடை தூக்கிப் பழக வேண்டும். இதைப் பெண்களிடம் யாரும் சொல்வதில்லை. அதுகூடப் பரவாயில்லை, "இந்த வயசுல வெயிட் எதுவும் தூக்காதீங்க" என்று நேர்மாறாகச் சொல்லி அனுப்புகிறார்கள். எனக்கே சொன்னார்கள்.

நான் திண்டுக்கல் மாவட்டத்தில் அரசுப் பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பி.டி. டீச்சர் என்றால் சட்டென்று விளங்கும். டாக்டர் இல்லை. ஆனால் பத்து வயதுப் பிள்ளையின் கால் எப்படி ஓடும், பதினாறு வயதில் எப்படி ஓடும் என்று பார்த்தே வாழ்க்கையைக் கழித்தவள். என்னிடம் கோ-கோ ஆடிய பிள்ளைகள் சிலருக்கு இப்போது ஐம்பது வயது ஆகப்போகிறது. அவர்கள் தரையிலிருந்து எழுந்திருக்க ஒரு கையை ஊன்றுவதைப் பார்க்கும்போதுதான் இந்த மடலை எழுத வேண்டும் என்று தோன்றியது.

அரசின் கண்ணில் ஒரு பெண் எப்போதெல்லாம் படுகிறாள் என்று யோசித்துப் பாருங்கள். பள்ளியில் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம், நாப்கின் கொடுக்கிறோம். கருவுற்றால் கர்ப்பத்தைப் பதிவு செய்யும் பிக்மி எண், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய். பிரசவம் முடிந்தால் குடும்பக் கட்டுப்பாடு. இந்தியாவிலேயே தாய்-சேய் நலத்தில் நம் மாநிலத்துக்கு நல்ல பெயர் உண்டு, அதற்கு உழைத்த கிராம சுகாதார செவிலியர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். அப்புறம் முப்பது வயதிலிருந்து சர்க்கரை, பிரஷர், மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை. சரி. ஆனால் மாதவிடாய் நிற்கும்போது? தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு பெண்களிடம் தனியாக உட்கார்ந்து கேள்வி கேட்பதே 15 வயதிலிருந்து 49 வயது வரைதான். பிள்ளை பெறும் வயது முடிந்ததும் கேள்வித்தாளும் முடிந்துவிடுகிறது.

இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நிற்கிறது. மேலை நாடுகளில் இது சுமார் 51. அதாவது நம் பெண்கள் நாலைந்து வருஷம் முன்னதாகவே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் துணையை இழக்கிறார்கள். எழுபதைத் தாண்டி வாழ்கிற காலம் இது. அந்தத் துணை இல்லாமல் ஓட்ட வேண்டிய வருஷங்கள் இருபத்தைந்து, முப்பது. கர்ப்பப்பையோடு, அந்த ஹார்மோனைச் சுரக்கும் சூலகத்தையும் சேர்த்து எடுத்துவிட்ட பெண்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் மோசம். மற்றவர்களுக்கு வருஷக்கணக்கில் மெல்ல நடக்கும் மாற்றம் அவர்களுக்கு ஓரிரு நாளில் நடந்துவிடுகிறது. முப்பத்தைந்து வயதில் அப்படி அறுவை செய்துகொண்ட கூலிப் பெண்கள் எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். டிஸ்சார்ஜ் சீட்டில் எலும்பைப் பற்றி ஒரு வரி எழுதிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

எலும்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவசரம் அங்கேதான் இருக்கிறது. எலும்பு சும்மா கிடக்கும் கல் இல்லை. பழையதைக் கரைக்கும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் அதில் ஓயாமல் வேலை செய்கின்றன. கரைக்கும் செல்களைக் கட்டுக்குள் வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன். அது குறைந்ததும் கரைப்பது கூடி, கட்டுவது பின்தங்கிவிடுகிறது. அமெரிக்காவில் 1990களின் நடுவிலிருந்து சுமார் 3,300 பெண்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்த 'ஸ்வான்' என்ற பெரிய ஆய்வு ஒன்று உண்டு. இழப்பு மிக வேகமாக நடப்பது கடைசி மாதவிடாய்க்கு ஓராண்டு முன்பு தொடங்கி இரண்டாண்டு பின்பு வரை என்று அதில் தெரிந்தது. பத்து வருஷத்தில் முதுகெலும்பின் அடர்த்தி சுமார் 10 சதவீதம் போய்விடுகிறது. அந்த ஆய்வில் வெள்ளையர், கறுப்பினத்தவர், சீனர், ஜப்பானியர், ஹிஸ்பானியர் எல்லாரும் இருந்தார்கள், இந்தியப் பெண்கள் தனிக் குழுவாக இல்லை. நமக்கு இப்படி ஒரு நீண்ட ஆய்வு வேண்டும் என்பது தனிக் கோரிக்கை. ஆனால் அது வரும்வரை கைகட்டி உட்கார்ந்திருக்க முடியாது. மாதவிடாய் தள்ளிப்போக ஆரம்பித்த பெண்ணுக்கு மூன்று வருஷம் என்பது வெகு சீக்கிரம் ஓடிவிடும்.

எலும்பு குறைவது வலிக்காது, அதனால் யாரும் டாக்டரிடம் போவதில்லை. தெரிய வரும்போது மழை நாளில் வாசலில் வழுக்கிக் கையை ஊன்றியவளின் மணிக்கட்டு உடைந்திருக்கும். பாத்ரூம் டைல்ஸில் விழுந்த மாமியாருக்கு இடுப்பெலும்பு உடைந்திருக்கும். முதுகெலும்பு சத்தமில்லாமல் நசுங்கி, உயரம் இரண்டு அங்குலம் குறைந்து கூன் விழுந்திருக்கும். அதை நாம் 'வயசாச்சு' என்று கடந்துபோகிறோம்.

தசையின் கதை இன்னும் கள்ளத்தனமானது. அதே ஸ்வான் ஆய்வில், மாதவிடாய் தடுமாற ஆரம்பிக்கிற கட்டத்தில் உடம்பில் கொழுப்பு சேரும் வேகம் முன்பைவிட இரட்டிப்பானது. அதே சமயத்தில் தசை உள்ளிட்ட கொழுப்பில்லாத திசு குறைய ஆரம்பித்தது. எடை மட்டும் திடீரென்று எகிறவில்லை, பழைய போக்கிலேயே மெல்ல ஏறியது. அதாவது எடை இயந்திரத்தில் ஏறி நின்றால் பெரிதாக ஒன்றும் தெரியாது. நீங்கள் முகாம்களில் எடுக்கும் உயரம்-எடைக் கணக்கும் இதைப் பிடிக்காது. கொழுப்பு சேரும் இடமும் மாறுகிறது, இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்தது இப்போது வயிற்றுக்குள் சேர்கிறது. இந்தியப் பெண்ணுக்கு வயிற்றுச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கிற எல்லை. கடைசி மாதவிடாயை ஒட்டிய வருஷத்தில் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். சட்டென்று கூடுவதும் தெரிந்த விஷயம். ஆனால் 'சாப்பாட்டைக் குறைச்சும் வயிறு குறையலை' என்று வருகிறவளுக்கு நாம் சொல்வது, சாப்பாட்டை இன்னும் குறை, இன்னும் நட. அவள் குறைப்பது முட்டையையும் பருப்பையும்தான். தசை இன்னும் கரையும்.

இதோடு மூட்டு வலி. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. தோள்பட்டை இறுகிப்போய்த் தலை சீவ முடியாமல், கையைப் பின்னால் கொண்டுபோக முடியாமல் தவிக்கும் பெண்களை எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் நாற்பதிலிருந்து அறுபதுக்குள் இருப்பார்கள். ராத்திரியில் திடீரென்று நெஞ்சிலிருந்து முகத்துக்கு அனல் ஏறி, வேர்த்துக் கொட்டி, ஃபேனுக்கு அடியில் போய் உட்காருகிறார்கள். மூளையில் உடம்புச் சூட்டைக் கண்காணிக்கும் பகுதி ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் குழம்பிப்போவதால் வருவது இது. ஓரிரு மாதத்தில் போய்விடும் என்று ஆறுதல் சொல்கிறார்கள். ஸ்வான் ஆய்வில் அடிக்கடி இப்படி வந்த பெண்களில் பாதிப் பேருக்கு ஏழு வருஷத்துக்கு மேல் நீடித்தது. தூக்கம் கெட்டவள் காலையில் எழுந்து எப்படி 8 கிலோமீட்டர் நடப்பாள் என்பதை அதிகாரிகள் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று, யாரும் பேசாதது. குதித்தால், வேகமாக நடந்தால், தும்மினால் சிறுநீர் கசிவது. சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் அடித்தசை பிரசவத்தில் தளர்ந்திருக்கும், அது ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் இன்னும் தளர்கிறது. சாயங்காலம் நான் பெண்களுக்குப் பயிற்சி சொல்லித்தரும் பள்ளி மைதானத்துக்கு வருவதை ஒரு பெண் திடீரென்று நிறுத்திவிட்டார். முட்டி வலி என்றார். பிறகு தனியாகக் கூப்பிட்டுப் பேசியபோதுதான் காரணம் தெரிந்தது. உடற்பயிற்சியைக் கைவிடும் பெண்களில் எத்தனை பேருக்கு இது காரணமோ, எந்தப் படிவத்திலும் இதற்கு ஒரு கட்டம் இல்லை. நடைபாதை போடும்போது மைல்கல்லும் செல்ஃபி எடுக்கும் இடமும் வைக்கிறார்கள். கிலோமீட்டருக்கு ஒரு கழிப்பறை வைத்தால் இந்தப் பெண்களில் பாதிப் பேர் திரும்பி வருவார்கள்.

இப்போது ஒரு மறுப்பு வரும், எனக்குத் தெரியும். "எங்க கிராமத்துப் பொம்பளைங்க நாள் முழுக்க உழைக்கிறாங்க, அவங்களுக்கு எதுக்கு எக்சர்சைஸ்?" நூறு நாள் வேலைத் தளத்தில் போய்ப் பாருங்கள், நம் மாநிலத்தில் அங்கே பெரும்பாலும் பெண்கள்தான், அதிலும் வயதானவர்கள். அவர்கள் உழைக்கவில்லை என்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் உழைப்பும் பயிற்சியும் உடம்புக்கு ஒன்றில்லை. பயிற்சியில் இன்று தூக்கிய எடையை அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டுவோம், இடையில் ஓய்வு கொடுப்போம், அதைத் தாங்கச் சாப்பிடுவோம். அப்போதுதான் தசை வளரும், எலும்பு கெட்டிப்படும். களை எடுப்பவள் அதே எடையை, அதே குனிந்த முதுகோடு, அதே பக்கமாக, சரியாகச் சாப்பிடாமல் முப்பது வருஷம் செய்கிறாள். தேய்மானம் மட்டும்தான் மிச்சம். திருப்பூரில் தையல் மிஷின் முன்னால் பத்து மணி நேரம் உட்காருகிறவளும் களைத்துத்தான் வீட்டுக்கு வருகிறாள், அவள் தொடைத்தசைக்கு அன்று ஒரு வேலையும் கிடைத்திருக்காது. இதில் நகரம், கிராமம் என்ற பேதமெல்லாம் பெரிதாக இல்லை.

ஒரு சின்ன சோதனை சொல்கிறேன். இருபது லிட்டர் தண்ணி கேனை உங்கள் வீட்டில் யார் தூக்கி ஸ்டாண்டில் கவிழ்க்கிறார்கள்? முன்பு இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம் என்று கொண்டுவந்த அதே பெண், இப்போது கேன் போடும் பையன் வரும்வரை காத்திருக்கிறாள்.

நடை ஏன் போதாது என்பதற்கு வருகிறேன். எலும்புக்கு வேலை கொடுப்பது அதன் மேல் விழும் பாரமும் அதிர்வும். பழகாத பாரம் விழுந்தால்தான் அது தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்ளும். தினமும் நடக்கிறவளின் எலும்புக்கு நடை பழகிப்போன விஷயம், புதிதாக ஒரு செய்தியும் போவதில்லை. மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடைப்பயிற்சி மட்டும் வைத்துச் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் முதுகெலும்பின் அடர்த்தியில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. மாறாக, ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் கிரிஃபித் பல்கலைக்கழகம் நடத்திய 'லிஃப்ட்மோர்' ஆய்வைப் பாருங்கள். 2018-இல் அதன் முடிவுகள் அச்சில் வந்தன. எலும்பு அடர்த்தி ஏற்கெனவே குறைந்த, சராசரி வயது 65 ஆன 101 பெண்கள். பாதிப் பேர் வீட்டிலேயே லேசான பயிற்சி செய்தார்கள். மற்றவர்கள் வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், பயிற்சியாளர் மேற்பார்வையில் தரையிலிருந்து பாரத்தைத் தூக்கி நிமிர்ந்தார்கள், பாரத்தைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்தார்கள், தலைக்கு மேல் தூக்கினார்கள், கம்பியைப் பிடித்துத் தொங்கிக் குதித்தார்கள். பஞ்சு எடையெல்லாம் இல்லை, தங்களால் ஒருமுறை தூக்க முடிந்த உச்ச எடையில் 85 சதவீதத்துக்கு மேல். எட்டு மாதத்தில் அவர்களின் முதுகெலும்பு அடர்த்தி கிட்டத்தட்ட 3 சதவீதம் கூடியது, லேசான பயிற்சிக் குழுவுக்கு 1 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அறுபத்தைந்து வயதில் ஏறியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

உலக சுகாதார நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வாரத்துக்கு 150 நிமிஷ மிதமான உழைப்போடு நிறுத்தவில்லை. வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது. 65 தாண்டியவர்களுக்கு மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் சேர வேண்டும் என்கிறது. நம் போஸ்டர்களில் முதல் பாதி மட்டும் எப்படியோ வந்து, இரண்டாம் பாதி அச்சகத்திலேயே தங்கிவிட்டது.

நாளைக்கே எல்லாப் பாட்டிகளையும் பாரம் தூக்க வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. 'தூக்காதீங்க' என்று சொல்லும் டாக்டர்களிடம் நியாயமான பயம் ஒன்று இருக்கிறது, கர்ப்பப்பை இறக்கம். அது இருக்கிறவர்கள், பிரஷர் கட்டுக்குள் வராதவர்கள், ஏற்கெனவே முதுகெலும்பு நசுங்கியவர்கள் முதலில் பரிசோதித்துக்கொண்டு, தெரிந்தவர் மேற்பார்வையில்தான் தொடங்க வேண்டும். எலும்பு தளர்ந்தவர்கள் முதுகை வளைத்துக் குனியும் ஆசனங்களைத் தவிர்ப்பது நல்லது. இதை யோகா வகுப்பு நடத்துகிறவர்களில் பலரே சொல்வதில்லை என்பது என் மனக்குறை. ஆனால் ஒரு சிலருக்கு இருக்கும் ஆபத்துக்காக எல்லாரையும் தூக்காதே என்று சொல்வது மருத்துவமா, தட்டிக்கழிப்பதா?

எங்கள் ஊரில் செய்வதைச் சொல்கிறேன். பள்ளி மைதானத்தின் ஓரத்தில், சாயங்காலம், பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடுகிறோம். தையற்காரர் ஒருவர், சத்துணவு அமைப்பாளர் ஒருவர், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் சிலர், கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு, மகளின் டிராக் பேன்ட்டை நைட்டிக்குள் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. முதலில் திண்ணையில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவது. அது சுலபமானதும் தாழ்வான படியிலிருந்து. அப்புறம் கையில் மணல் நிரப்பிய துணிப்பை. சுவரில் கை ஊன்றித் தண்டால், பிறகு பெஞ்சில் ஊன்றித் தண்டால். குதிகாலைத் தூக்கித் 'தொம்'மென்று இறக்குவது, இந்தச் சின்ன அதிர்வு இடுப்பெலும்பு வரைக்கும் போகும். ஐந்து லிட்டர் எண்ணெய் கேனில் முதலில் தண்ணீர், பிறகு மணல். முதுகை வளைக்காமல் இடுப்பை மடக்கித் தரையிலிருந்து பாரத்தை எடுக்கக் கற்றுக்கொடுக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. முப்பது வருஷம் முதுகை வளைத்தே நாற்று நட்ட உடம்பு அது, லேசில் மறக்காது. இதற்கு ஜிம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஊராட்சியில் கட்டிய உடற்பயிற்சிக் கூடங்கள் பல ஊர்களில் இருக்கின்றன, உள்ளே இளவட்டங்கள் கண்ணாடி பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த அம்மா போய் நிற்பாள்? மகளிருக்கென்று பகலில் இரண்டு மணி நேரம் ஒதுக்கிச் சாவியை மகளிர் குழுவிடம் கொடுத்தால் அந்தக் கட்டடங்களுக்கும் ஒரு வாழ்வு வரும்.

நேரம் என்றதும் ஒன்று. காலை ஐந்திலிருந்து எட்டு வரைதான் நடைப்பயிற்சி நேரம் என்று முடிவு செய்தவர் ஒரு நாளும் பிள்ளைக்கு டிபன் பாக்ஸ் கட்டாதவராகத்தான் இருக்க வேண்டும். வீட்டுப் பெண்ணுக்கு மூச்சுவிட நேரம் கிடைப்பது பதினொரு மணிக்கு, அல்லது நாலு மணிக்கு. அந்த நேரத்தில் பல பூங்காக்கள் பூட்டிக் கிடக்கின்றன.

சரி, துறையிடம் என்ன கேட்கிறேன்? புதிதாக ஒரு திட்டமும் பெயரும் தொடக்க விழாவும் கேட்கவில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசல் வரை வருகிறது. 2024-இல் ஐ.நா. விருதும் வாங்கிய திட்டம். அதில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்கள். தன்னார்வலர் பிரஷர் பார்க்கும்போதே, நாற்பத்தைந்து தாண்டிய பெண்ணிடம் கூடுதலாக நாலு கேள்வி கேட்கலாம். கடைசியாக எப்போது மாதவிடாய் வந்தது? கர்ப்பப்பை, சூலகம் எடுத்தாயிற்றா? சமீபத்தில் விழுந்தீர்களா? தும்மினால் கசிகிறதா? அப்புறம் ஒரு நாற்காலியைப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை உட்கார்ந்து எழச் சொல்லி, போனில் நேரம் பார்த்தால் போதும். முதியோரின் தசையிழப்பைக் கண்டுபிடிக்க ஆசிய நாடுகளின் நிபுணர் குழு 2019-இல் வகுத்த அளவின்படி 12 விநாடி அல்லது அதற்குமேல் ஆனால் கவனிக்க வேண்டும். ஐம்பது வயதிலேயே பார்த்தால் ஒன்றும் கெட்டுவிடாது. எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா கருவியை எல்லா ஊரிலும் வைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். நாற்காலியை வைக்கலாமே.

மாதவிடாய் நின்று ஓராண்டு முழுசாகக் கழிந்த பிறகு ரத்தம் பட்டால் அது சாதாரணமில்லை, உடனே பரிசோதிக்க வேண்டும் என்பதையும் அதே நேரத்தில் சொல்லிவிடலாம். இதைத் தெரியாமல் 'மறுபடி வந்திருக்கு' என்று சந்தோஷப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

பிசியோதெரபிஸ்ட் இப்போது பக்கவாதம் வந்தவர் வீட்டுக்குப் போகிறார். போகத்தான் வேண்டும். மாதத்துக்கு ஒரு நாள் ஊரில் ஒரு பொது இடத்தில் நின்று பெண்களுக்குச் சரியாகத் தூக்கக் கற்றுக்கொடுத்தால், இடுப்பு உடைந்தபின் போக வேண்டிய வீடுகள் குறையும். அடித்தசைப் பயிற்சியையும் அவரே சொல்லித் தரட்டும், பெண் பிசியோதெரபிஸ்டாக இருந்தால் இன்னும் நல்லது.

சாப்பாட்டை விட்டால் மேலே சொன்னதெல்லாம் பாதி வீண். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் தந்த பரிந்துரை, நாளொன்றுக்குக் கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம். 55 கிலோ பெண்ணுக்கு இது சுமார் 46 கிராம், தசையைக் கட்ட நினைக்கும் வயதில் இன்னும் கொஞ்சம் கூடவே வேண்டும். ஒரு இட்லியில் 2 கிராம்தான், முட்டையில் 6 கிராம். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு அடிச்சட்டியில் மிஞ்சியதை ரசத்தில் பிசைந்து சாப்பிடுகிறவளுக்கு 46 கிராம் எங்கிருந்து வரும்? கால்சியம் இந்தப் பெண்களுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் என்கிறது அதே பரிந்துரை. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 இருக்கிறது, நெத்திலியை முள்ளோடு தின்றால் அதிலும் கிடைக்கும். நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷனில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள், அதை மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுவரச் சொல்லி உணவுத் துறைக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுதலாம். நான் எழுதினால் யார் படிப்பார்கள்? எலும்புக்கு வெயிலால் கிடைக்கும் வைட்டமின் டி-யும் வேண்டும். வெயில் கொளுத்தும் ஊரில் அது குறைவது எப்படி என்று கேட்பார்கள். வெயிலில் நிற்கிறவளும் முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் போட்டுத்தான் நிற்கிறாள்.

குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை மருந்தாகக் கொடுக்கும் ஹார்மோன் மருத்துவத்தைப் பற்றி நான் பேசுவது சரியில்லை, ஆனால் ஒன்று மட்டும். 2002-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்தியதிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டாலே புற்றுநோய் என்று ஓடுகிறோம். அந்த ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் மாதவிடாய் நின்று பல வருஷம் ஆனவர்கள். அறுபதுக்குள் இருக்கிற, தொல்லை கடுமையாக உள்ள, வேறு தடையில்லாத பெண்களுக்கு நன்மை அதிகம் என்பதே இப்போது மருத்துவச் சங்கங்களின் நிலை. யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று ஒவ்வொரு பெண்ணும் தன் டாக்டரிடம் பத்து நிமிஷம் பேச வழி வேண்டும். அதற்கு ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கு ஒரு நாள் பயிற்சி போதும்.

அக்டோபர் 18 மாதவிடாய் நிற்பதைப் பற்றிய உலக மெனோபாஸ் நாள், 20 எலும்பு அடர்த்தி குறையும் நோய்க்கான உலக எலும்புப்புரை நாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு நாள்தான் இடைவெளி. உறுதிமொழி எடுப்பதையும் பேனரையும் விட்டுவிட்டு, அந்த வாரத்தில் ஒரே ஒரு வட்டாரத்தில் நாற்காலிச் சோதனையைச் செய்து பாருங்கள். தன்னார்வலர்களிடமிருந்தே தொடங்குங்கள். அவர்களில் பலருக்கும் இதே வயதுதான், படியேறி இறங்கி முட்டி தேய்ந்தவர்கள். தங்கள் உடம்பில் வித்தியாசம் தெரிந்தால் அடுத்த வீட்டில் அவர்கள் பேசும் விதமே வேறாக இருக்கும்.

சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று மட்டும் பதில் எழுதாதீர்கள். ஓய்வு பெற்ற பி.டி. டீச்சர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறோம், விசில் இன்னும் வீட்டில்தான் கிடக்கிறது. பிசியோதெரபிஸ்ட் ஒருவர் எங்களுக்கு இரண்டு நாள் வகுப்பு எடுத்து, யாரை நிறுத்த வேண்டும், யாரை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தால் போதும். சம்பளம் கேட்கவில்லை. பஸ் இலவசம்தான், டீக்காசு கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். நாலு மணிக்கு மேல் எந்த நாளும் வரலாம், செவ்வாய்க்கிழமை மட்டும் எங்கள் ஊரில் சந்தை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்